தூரத்தில் இருப்பவரோடு நிஜச் சீட்டு ஆடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஃபோன் கடை வைத்திருக்கிறேன். ஓணம் லீவும் பொங்கல் லீவும் முடிந்த கையோடு கடைக்கு ஒரு கூட்டம் வரும். தம்பி திருப்பூருக்குத் திரும்பிவிட்டான், மச்சான் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார், இருபத்தெட்டு ஆட ஆள் குறைகிறது. ஃபோன் வழியாக அவர்களையும் சேர்த்துக்கொண்டு, கையில் சீட்டு பிடித்தே ஆட வழி உண்டா என்று கேட்பார்கள். உண்டு. ஆளுக்கு ஆள் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இருபத்தெட்டு என்பது ஏழு முதல் ஆஸ் வரையுள்ள 32 சீட்டில் நாலு பேர், இரண்டு ஜோடியாக ஆடுவது. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் தலா 1 என்று மொத்தம் 28 புள்ளி. முதலில் ஆளுக்கு நாலு சீட்டு போடுவார்கள். அதைப் பார்த்து, எத்தனை புள்ளி பிடிப்போம் என்று ஏலம் கேட்க வேண்டும். 14-இல் தொடங்கும். ஏலம் எடுத்தவர் ஒரு சீட்டைத் துருப்பாக (மற்ற ஜாதிகளை வெட்டும் ஜாதியாக) கவிழ்த்து வைத்த பிறகுதான் மீதி நாலு வரும்.

சீட்டு ஆப் எத்தனையோ கெடக்கே, நெஜச் சீட்டு எதுக்குங்க?

ஆப்பில் ஆடுவது பிடித்திருந்தால் அதிலேயே ஆடுங்கள், தப்பே இல்லை. கலைப்பது, போடுவது, எண்ணுவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். சீட்டை விசிறி மாதிரி விரித்துப் பிடித்தால்தான் அவர்களுக்குக் கணக்கே ஓடுகிறது. திரையில் சின்னதாகத் தெரியும் சீட்டைத் தொடப்போய் பக்கத்துச் சீட்டு விழுந்துவிட்டால் அன்றைக்கு ஆட்டம் அதோடு சரி.

கொறஞ்சது என்னென்ன வேணும்?

வீட்டுக்கு ஒரு ஃபோன், ஆளுக்கு ஒரு சீட்டுக்கட்டு, ஃபோனை நிறுத்த ஒரு ஸ்டாண்ட், மேசைமேல் நல்ல வெளிச்சம். வீட்டுக்கு ஒரு கட்டு போதாதா என்றால் போதாது. காரணம் கீழே வருகிறது.

வீடியோவுக்கு வாட்ஸ்அப்பே போதும், 32 பேர் வரை சேரலாம். கூகுள் மீட்டில் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் இலவசக் கணக்குக்கு 60 நிமிடம், ஜூமில் 40 நிமிடம்தான். ஏலம் சூடுபிடிக்கும்போது லைன் அறுந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஃபோன எங்க வெச்சாலும் சீட்டு தெரிய மாட்டேங்குது, ஒரே வெள்ளையா இருக்கு

பிளாஸ்டிக் சீட்டில் லைட் பட்டுத் தெறிக்கிறது. டியூப்லைட்டுக்கு நேர் கீழே மேசையைப் போடாதீர்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், அல்லது வழவழப்பு இல்லாத பேப்பர் சீட்டு வாங்குங்கள். மேசைமேல் கறுப்போ கரும்பச்சையோ ஒரு துணி விரியுங்கள். வெள்ளைத் துணியில் வெள்ளைச் சீட்டு கிடந்தால் கேமரா தடுமாறும்.

ஃபோனை மேசைக்கு மேலே, பின் கேமரா கீழே பார்க்கும்படி நிறுத்துங்கள். ஆடுபவர் முகம் தெரிய வேண்டுமென்றால் இரண்டாவதாகப் பழைய ஃபோன் ஒன்றைச் சேர்க்கலாம். என்னைக் கேட்டால் முகத்தைவிட மேசைதான் முக்கியம். முன் கேமராவில் எண்கள் இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிகிறது என்று பலர் பதறுவார்கள். அப்படித் தெரிவது உங்களுக்கு மட்டும்தான், எதிரில் இருப்பவருக்குச் சரியாகவே போகும்.

வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது முதலில் காணாமல் போவது சீட்டின் மூலையில் இருக்கும் சின்ன எழுத்து. ஜம்போ இன்டெக்ஸ் என்று கேட்டு வாங்கினால் மூலை எழுத்து பெரிதாக அச்சிட்ட கட்டு கிடைக்கும். வயதானவர்களுக்கு எப்படியும் அதுதான் நல்லது.

ஒரே கட்ட வெச்சுக்கிட்டு ஆட முடியாதா? வெளியூர் ஆளோட சீட்ட யாரு புடிக்கிறது?

மூன்று பேர் இங்கே, ஒருவர் மட்டும் வெளியூர் என்றால் முடியும். அவருக்குப் போடும் சீட்டை யாரும் பார்க்காமல் ஒரு தாங்கியில் நிறுத்தி, அதன் முன்னால் ஒரு ஃபோனை வைத்துவிடுங்கள். பள்ளம் வெட்டிய மரக்கட்டை போதும், ஸ்க்ராபிள் பலகை இருந்தால் இன்னும் நல்லது. சீட்டின் முகம் அந்த ஃபோனுக்கு மட்டும் தெரிய வேண்டும். அவர் "இடமிருந்து மூணாவது" என்பார், பக்கத்தில் இருப்பவர் பின்பக்கமாகக் கை நீட்டி அதை எடுத்துப் போடுவார்.

இதில் ஒரு சிக்கல். அவர் சீட்டை அடுக்க முடியாது. கிளாவர் எல்லாம் ஒரு பக்கம் வை என்று சொன்னாலே கையில் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். எட்டு சீட்டுக்குச் சமாளிக்கலாம், பதின்மூன்றுக்குக் கஷ்டம். அப்புறம், சுவரில் கண்ணாடி, கண்ணாடி பதித்த அலமாரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா வீட்லயும் கட்டு இருந்தா, கலச்சுப் போடுறது யாரு?

எல்லாக் கேள்விக்கும் மூலம் இதுதான். வீடியோ, நெட், ஸ்டாண்ட் எல்லாம் காசு கொடுத்தால் வந்துவிடும். சீட்டுப் போடுவதுதான் கஷ்டம். ஒரே மேசையில் கவிழ்த்துப் போட்டால் போடுபவருக்கே யாருக்கு என்ன போனது என்று தெரியாது. தூரத்தில் இருப்பவருக்கோ யாராவது ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்க்கிறவர் ஆடக்கூடாது. அவ்வளவுதான் விதி.

எங்கள் பக்கம் நன்றாக ஓடும் முறை இது. ஆட்டத்தில் இல்லாத ஒருவர், பெரும்பாலும் வீட்டில் ஒரு காலேஜ் பையனோ பெண்ணோ, தனியாக ஒரு கட்டை வைத்துக் கலைத்து நாலு குவியலாகப் போட வேண்டும். ஒவ்வொரு குவியலிலும் முதல் நாலு சீட்டை விரித்துப் படம் எடுத்து, அந்தந்த ஆளுக்குத் தனித்தனியாக அனுப்ப வேண்டும். குரூப்பில் போட்டுவிடாதீர்கள்! படம் வந்ததும் ஆடுபவர் தன் கட்டிலிருந்து அதே நாலு சீட்டைப் பொறுக்கிக் கையில் பிடித்துக்கொள்வார். ஏலம் முடிந்ததும் அடுத்த நாலுக்கு இன்னொரு படம். மற்றவர்கள் போடும் சீட்டை உங்கள் மிச்சக் கட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால், எல்லா வீட்டு மேசையிலும் ஒரே ஆட்டம் கிடக்கும்.

அனுப்பும்போது ஒருமுறை மட்டும் பார்க்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டாம். படம் இருக்கட்டும், சண்டை வந்தால் தேவைப்படும்.

ஒரே வீட்ல ரெண்டு பேர் ஆடுறோம், ஒரு கட்டுல ரெண்டு பேரும் பொறுக்கிக்கலாமா?

கூடாது. முதல் ஆள் எட்டு சீட்டைப் பொறுக்கிய பிறகு இரண்டாவது ஆள் கட்டைக் கையில் எடுத்தால், எது எது இல்லை என்பது தெரிந்துவிடும். நன்றாக ஆடுகிறவருக்கு ஒரு புரட்டு போதும். அதனால்தான் ஆளுக்கு ஒரு கட்டு என்றேன். பொறுக்கி முடித்ததும் மிச்சக் கட்டைப் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படாமல் கவிழ்த்து வையுங்கள். அதைப் பார்த்தாலும் உங்கள் கையைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஜோடி சேர்ப்பதும் இதோடு சேர்ந்த விஷயம். ஒரே வீட்டில் இருக்கும் இருவரை எதிரெதிர் அணியாகப் பிரித்துவிடுங்கள். ஒரே அணியில் விட்டால் இருமல், கால் தட்டல், காபி டம்ளரை நகர்த்துவது என்று எல்லாம் நடக்கும், கேமராவில் ஒன்றும் தெரியாது. அண்ணன் தம்பி ஆனாலும் சரி, பிரித்து வையுங்கள். யாருக்கு அடுத்து யார் என்பதை ஒரு தாளில் வட்டமாக எழுதி எல்லோருக்கும் முதலிலேயே அனுப்பிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

கலச்சுப் போட ஆளே இல்லைன்னா?

உறையில் போட்டு வைத்துவிடலாம். ஒருவர் ஓய்வாக இருக்கும்போது முப்பது நாற்பது ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டு, ஒவ்வொருவர் சீட்டையும் துண்டுத்தாளில் எழுதி, எண் போட்ட உறையில் ஒட்டி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பினால் போதும். முதல் நாலு ஒரு உறை, அடுத்த நாலு இன்னொரு உறை. எழுதியவர் அந்த ஆட்டங்களில் உட்காரக்கூடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

பிரிட்ஜ் போட்டிகளில் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறார்கள். ஒரே சீட்டுப் பங்கீட்டைப் பல மேசைகளில் ஆடவிட்டு, யார் அதை நன்றாக ஆடினார்கள் என்று ஒப்பிடுவார்கள். அதற்கென்று சீட்டை அடையாளம் கண்டு தானே பிரித்து வைக்கும் இயந்திரங்களும் உண்டு. நீங்களும் பழைய உறையை வேறு நாலு பேருக்குக் கொடுத்துப் பார்க்கலாம். சீட்டு சரியில்லை, அதனால்தான் தோற்றேன் என்பவர் வாய் அன்றோடு அடங்கும்.

எத்தன தடவ கலைக்கணும்?

கட்டை இரண்டாகப் பிரித்து சரசரவென்று கோத்துக் கலைப்பதாக இருந்தால், 52 சீட்டுக்கு ஏழு தடவை. டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992-இல் நிரூபித்தது. கையில் வைத்து மேலும் கீழுமாகத் தள்ளிக் கலைப்பது அதைவிடப் பல மடங்கு மந்தம். அப்படித்தான் வரும் என்பவர்கள் சீட்டை மேசையில் கொட்டி இரண்டு கையாலும் நன்றாகத் துழாவிவிடுங்கள்.

துருப்ப எங்க கவுத்து வெக்கிறது? அவன் மாத்திட்டா?

ஏலம் எடுத்தவர் தன் வீட்டு மேசையிலேயே, கேமரா பார்க்கும் இடத்தில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை வைத்துவிட வேண்டும். யாராவது துருப்பைத் திறக்கச் சொல்லும்வரை அந்த டம்ளர் படத்தை விட்டு நகரக்கூடாது. லைன் அறுந்துவிட்டால்? கவிழ்த்ததுமே துருப்பு என்ன என்பதைச் சீட்டுப் போட்டவருக்குத் தனியாக அனுப்பிவிடச் சொல்லுங்கள். லைன் திரும்பி வந்ததும் அவர் சாட்சி.

அம்பத்தாறு ஆட முடியுமா?

தாராளமாக. 48 சீட்டு, ஆறு பேர், ஒவ்வொரு சீட்டும் இரண்டிரண்டு. துருப்பை மறைப்பது கிடையாது என்பதால் மேலே சொன்ன டம்ளர் வேலையும் இல்லை. ஆளுக்கு இரண்டு கட்டு வாங்க வேண்டும், அது ஒன்றுதான் செலவு. ஒரே மாதிரி இரண்டு சீட்டு ஒரே பிடியில் (எல்லோரும் ஆளுக்கொன்று போடும் ஒரு சுற்றில்) விழுந்தால் முதலில் விழுந்ததுதான் பெரிது. வீடியோ தாமதத்தில் எது முதல் என்று சண்டை வரும். முறை வந்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகே போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரம்மி?

சிபாரிசு செய்யமாட்டேன். இருபத்தெட்டில் சீட்டு ஆட்டத்தின் தொடக்கத்தில் இரண்டு தடவை மட்டும் வருகிறது. ரம்மியில் ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்து ரகசியமாக ஒன்று எடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் அனுப்ப வேண்டும். அனுப்புகிற பிள்ளை இரண்டாவது ரவுண்டிலேயே எழுந்து போய்விடும். வெளியூர் ஆள் ஒருவர்தான் என்றால், தாங்கியில் நிறுத்தும் முறையில் பொறுமையாக ஆடலாம்.

கொழந்தைங்களுக்கு?

கழுதை, ஆஸ் மாதிரி ஆட்டங்கள் எல்லாம் சரி. யார் முதலில் கையை அடிக்கிறார் என்று பார்க்கும் ஆட்டம் மட்டும் வேண்டாம். பேச்சு இயல்பாக இருக்க, குரல் ஒரு பக்கம் போய்ச் சேரும் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்கிறது. நம் வீடியோ காலில் அதைத் தாண்டிப் போவது சாதாரணம். முறை வைத்து ஆடும் ஆட்டத்துக்கு அது ஒன்றும் செய்யாது, கை வேகத்தில் ஜெயிக்கும் ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

துபாய்ல இருக்கற மாமாவுக்கு வாட்ஸ்அப் வீடியோ போகவே மாட்டேங்குதே, ஃபோன் ரிப்பேரா?

ஃபோனில் குறை இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்குத் தடை இருக்கிறது, எழுத்தும் படமும் மட்டும் போகும். அங்கே இருப்பவர்கள் போட்டிம் (BOTIM) என்ற வீடியோ கால் ஆப் வைத்திருப்பார்கள். நீங்களும் அதையே போட்டுக்கொள்ளுங்கள். சீட்டுப் படம் வாட்ஸ்அப்பிலேயே போகட்டும். அவர்கள் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ஒன்பதுக்குச் சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது அவர் ஏழரைக்கு வேலையிலிருந்து வந்து குளித்துக்கொண்டிருப்பார்.

நடுவுல நடுவுல நெட்டு போயிருதுங்க

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதைதான். ஃபோன் ஒரு நேரம் கேரளா டவரைப் பிடிக்கும், அடுத்த அறைக்குப் போனால் தமிழ்நாட்டு டவருக்குத் தாவும். ஆட்டம் முடியும்வரை ஃபோன் ஒரே இடத்தில் இருக்கட்டும். கேபிள் நெட் இருந்தால் அதிலேயே ஆடுங்கள்.

அதுவும் இல்லையென்றால் வீடியோவையே விட்டுவிடலாம். ஆளுக்கு ஒரு கட்டு முறையில் வாயால் "இஸ்பேட் ஒன்பது" என்று சொன்னாலே போதும், மற்றவர்கள் தங்கள் கட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். உறை முறையும் சேர்ந்தால் பட்டன் ஃபோனில் கான்ஃபரன்ஸ் கால் போட்டே முழு ஆட்டமும் ஆடலாம். துருப்பு மட்டும் நம்பிக்கையில் ஓடும்.

குணுக்கு எப்படிப் போடுறது?

தோற்றவர் காதில் பலா இலைக் காம்பையோ காகிதத்தையோ மாட்டிவிடும் வழக்கத்தைக் கேட்கிறார்கள். அவரவர் வீட்டில் அவரவரே மாட்டிக்கொள்ள வேண்டும், முன் கேமராவைத் திருப்பி இரண்டு காதையும் காட்ட வேண்டும். கேமராவை அணைத்தால் இன்னொரு குணுக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சொந்தக்காரர் குரூப்பில் போடலாமா என்பதை ஆட்டத்துக்கு முன்னால் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

டிவில போக்கர் ஆடும்போது எல்லார் சீட்டும் தெரியுதே, அந்த மேசை கெடைக்குமா?

ஆரம்பத்தில் மேசையிலேயே கண்ணாடி பதித்து, கீழே கேமரா வைத்தார்கள். ஹென்றி ஓரன்ஸ்டீன் என்ற பொம்மைக் கண்டுபிடிப்பாளர் 1995-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1999-இல் பிரிட்டனின் சேனல் 4 நிகழ்ச்சியில் இப்படிக் காட்டினார்கள். இப்போது சீட்டுக்குள்ளேயே ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு இருக்கிறது. மேசை அதைப் படித்துவிடுகிறது. விலை வீட்டு ஆட்டத்துக்குக் கட்டாது.

அதே வேலையைச் சின்னதாகச் செய்யலாம். பல ஃபோன்களில் என்.எஃப்.சி. இருக்கிறது, 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் சில்லுகளைப் படிக்கும். ஸ்டிக்கராகவே கிடைக்கும் அந்தச் சில்லை 32 சீட்டிலும் ஒட்டி, ஒவ்வொன்றிலும் சீட்டின் பெயரை எழுதிவிட்டால், கவிழ்ந்த சீட்டை ஃபோன்மேல் வைத்ததும் அது என்ன என்று ஃபோனுக்குத் தெரியும். போடுபவர் பார்க்காமலே வெளியூர் ஆளுக்குச் செய்தி போய்விடும், ஆடாத ஆளும் தேவையில்லை. படித்ததைத் திரையில் காட்டாமல் நேரே அனுப்பும்படி ஒரு சின்ன ஆப் எழுதத் தெரிந்த பிள்ளை வேண்டும். ஸ்டிக்கர் எல்லாச் சீட்டிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தடவிப் பார்த்தே சீட்டைச் சொல்லிவிடுவார்கள்.

கேமராவே சீட்ட அடையாளம் கண்டுபுடிக்காதா?

கண்டுபிடிக்கும். மேஜிக் தி கேதரிங் என்ற சீட்டாட்டக்காரர்கள் ஸ்பெல்டேபிள் என்ற தளத்தில் வெப்கேமரா வைத்து ஆடுகிறார்கள். திரையில் ஒரு சீட்டைத் தொட்டால் அது எது என்று காட்டும். அவர்கள் ஆட்டத்தில் ஆயிரக்கணக்கான வெவ்வேறு சீட்டுகள், ஒவ்வொன்றிலும் பத்தி பத்தியாக எழுத்து. அதனால் தேவைப்படுகிறது. அதோடு ஒவ்வொருவரும் சொந்தக் கட்டோடு வருவதால் சீட்டுப் போடும் தலைவலியே அவர்களுக்கு இல்லை. நமக்கு 32 சீட்டு, எல்லாம் கண்ணுக்குப் பழகியது.

நடுவுல ஆளும் இல்லாம, யாரும் ஏமாத்தவும் முடியாம ஆட வழி இருக்கா?

இருக்கிறது, கணக்கில். ஷமீர், ரிவெஸ்ட், ஏடல்மன் மூவரும் 1979-இல் இதை எழுதினார்கள். ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டு முறையில் இருக்கும் மூன்று எழுத்தும் அவர்கள் பெயர்தான். ஒவ்வொரு சீட்டையும் ஒரு பெட்டியில் போட்டு நான் ஒரு பூட்டுப் போட்டுக் கலைத்து அனுப்புகிறேன் என்று வையுங்கள். நீங்களும் எல்லாவற்றிலும் உங்கள் பூட்டைப் போட்டு, மறுபடி கலைத்துவிடுகிறீர்கள். உங்களுக்கு வேண்டிய பெட்டிகளைக் காட்டினால் அவற்றிலிருந்து என் பூட்டை மட்டும் கழற்றுவேன், உங்கள் பூட்டை நீங்கள் திறந்து பார்ப்பீர்கள். எனக்கு உள்ளே என்ன என்று தெரியாது. எந்தப் பூட்டை முதலில் கழற்றினாலும் சரிவருகிற மாதிரி எண்களைக் கொண்டு செய்வதுதான் அதன் சூட்சுமம். முதல் வடிவத்தில் சீட்டைப் பற்றி கொஞ்சம் தகவல் கசியும் என்று ரிச்சர்ட் லிப்டன் கண்டுபிடித்துச் சொன்னார், பிறகு திருத்திய முறைகள் வந்தன. இதைக் கையால் செய்ய முடியாது, கணினிதான் செய்ய வேண்டும். விடை வந்ததும் உங்கள் கட்டிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம்.

காசு வெச்சு ஆடலாமா? ரம்மி திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லிருக்காமே?

சொன்னது உண்மை. ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் நடந்த வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. அதன்பிறகு ஒவ்வொரு மாநிலமும் ஒரு பக்கம் இழுத்தது. ஆந்திரா 2020-இல் ஆன்லைன் பண ஆட்டத்தைத் தடுத்தது. கேரளா 2021-இல் ஆன்லைன் ரம்மிக்குப் போட்ட தடையை அதே ஆண்டு உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாடு 2022-இல் தனிச்சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமோ திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களையே தடை செய்கிறது. ஜீபேயில் பத்து ரூபாய் அனுப்புவதில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: குணுக்கு இருக்கிறதே, போதாதா?

கட்டு முழுக்க அவன் கையில இருக்கு. இல்லாத ஜாக்கிய எடுத்துப் போட்டுட்டா?

போடலாம், மாட்டிக்கொள்வார். அந்த ஜாக்கி உண்மையில் யார் கையில் இருக்கிறதோ அவர் உடனே குரல் கொடுப்பார். எட்டு பிடிக்குள் எல்லாச் சீட்டும் வெளியே வந்தாக வேண்டும், ஒரே சீட்டு இரண்டு தடவை வர முடியாது. கையில் அந்த ஜாதி இருந்தும் இல்லை என்று சொல்லி வெட்டுவதும் அப்படித்தான், கடைசியில் வெளிவந்துவிடும். சந்தேகம் வந்தால் சீட்டுப் போட்டவர் ஃபோனில் இருக்கும் படத்தைத் திறந்து பாருங்கள், உறை என்றால் தாளைக் கேளுங்கள்.

வாயில ஒம்பதுன்னு சொல்லிட்டு கையில பத்தப் போட்டான். எது கணக்கு?

அடிக்கடி வரும் வழக்கு. நாங்கள் வைத்திருக்கும் முறை: வீடியோ ஓடும்போது மேசையில் விழுந்த சீட்டுதான் கணக்கு, வாய் தவறியது தவறியதுதான். வீடியோ இல்லாமல் குரலில் மட்டும் ஆடினால் சொன்ன சீட்டுதான் கணக்கு. சொன்ன சீட்டு கையிலேயே இல்லையென்றால் சரியானதைச் சொல்ல ஒரு வாய்ப்பு, அடுத்தவர் போடுவதற்கு முன்னால் மட்டும். படம் உறைந்து நின்ற நேரத்தில் விழுந்த சீட்டை, லைன் வந்ததும் மறுபடி எடுத்துக் கேமராவுக்குக் காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.